அப்பாவின் ஸ்விஃப்டும் காலாவதியான பாலிசியும்

இங்கிலாந்திலிருந்து லீவுக்கு ஊர் போகிறவர்கள், வீட்டில் நிற்கும் காரை எடுத்து ஓட்டுவதாக இருந்தால் முதலில் அரசின் வாகன விவரச் செயலியான எம்பரிவாகனில் வண்டி நம்பரைப் போட்டுப் பாருங்கள். இன்சூரன்ஸ், பொல்யூஷன் எல்லாம் எந்தத் தேதி வரை என்று வந்துவிடும். கும்பகோணத்தில் அப்பாவின் ஸ்விஃப்டுக்கு அப்படிப் பார்த்தபோதுதான் பாலிசி முடிந்து நாலு மாதத்துக்கு மேல் ஆகிவிட்டது தெரிந்தது. வருஷா வருஷம் வீட்டுக்கே வந்து செக் வாங்கிப் போகும் ஏஜென்ட் தொழிலை விட்டுவிட்டார், கம்பெனியின் எஸ்எம்எஸ் எல்லாம் அவர் பதிந்து வைத்த அவருடைய நம்பருக்கே போயிருக்கிறது. அப்பா இப்போது ஓட்டுவதில்லை. மாமாதான் அவ்வப்போது எடுத்துப் போவார்.

மாமாவிடம் சொன்னால், "பிடிச்சா ரெண்டாயிரம் கட்டிட்டுப் போறோம், விடு மாப்ளே" என்கிறார். அபராதம் அவர் சொன்னதுதான்: மோட்டார் வாகனச் சட்டத்தின் 2019 திருத்தத்துக்குப் பிறகு முதல் தடவை ரூ.2,000, அடுத்த தடவை ரூ.4,000. மூன்று மாதம் வரை சிறைக்கும் சட்டத்தில் இடம் இருக்கிறது. ஆனால் விஷயம் அபராதம் இல்லை. யார் மேலாவது இடித்து உயிர்ச்சேதமோ காயமோ ஆனால் தீர்ப்பாயம் சொல்லும் இழப்பீட்டுக்கு உச்சவரம்பு கிடையாது. பாலிசி இருந்தால் அதைக் கம்பெனி கட்டும், இல்லாவிட்டால் ஓட்டிய மாமாவோடு சேர்த்து ஆர்.சி.யில் பெயர் உள்ள அப்பாவின் தலையிலும் விழும், அவர் அன்றைக்கு வீட்டில் தூங்கிக்கொண்டிருந்தாலும் சரி. வீட்டையும் நிலத்தையும் வைத்திருக்கிற பெரியவர்களுக்கு இது எவ்வளவு பெரிய ஆபத்து என்று யாரும் சொல்லித் தருவதில்லை.

இங்கிலாந்துப் பழக்கத்தோடு வருபவர்களுக்கு ஒரு நல்ல செய்தியும் உண்டு. அங்கே பாலிசியில் பெயர் இல்லாதவர் பெரும்பாலும் அந்தக் காரைத் தொடவே முடியாது, மகன் பெயரைச் சேர்த்தாலே பிரீமியம் எங்கேயோ போய்விடும். இன்சூரன்ஸ் இல்லாமல் பிடிபட்டால் 300 பவுண்டு, லைசன்ஸில் 6 பாயின்ட், போலீஸ் வண்டியையும் தூக்கிப் போய்விடலாம். 2011 முதல் ஓட்டாமல் சும்மா நிறுத்தி வைத்திருந்தாலும், ரோட்டில் எடுக்க மாட்டேன் என்று எழுதிக் கொடுக்காவிட்டால் இன்சூரன்ஸ் வேண்டும். நம் ஊரில் பாலிசி வண்டிக்குத்தான், செல்லுபடியாகும் லைசன்ஸ் வைத்திருந்து உரிமையாளர் அனுமதித்தால் யாரும் ஓட்டலாம். இந்திய லைசன்ஸ் காலாவதியாகியிருந்தால் இங்கிலாந்து லைசன்ஸோடு சர்வதேச டிரைவிங் பெர்மிட்டும் எடுத்துக்கொண்டு வர வேண்டும், 1949 ஒப்பந்தப்படி தரும் வகை, கிளம்புவதற்கு முன்பே அங்குள்ள பேபாயின்ட் கடையில் 5.50 பவுண்டுக்குக் கிடைக்கும். லைசன்ஸ் சரியில்லை என்றால் பாலிசி இருந்தும் நம் வண்டிச் சேதத்துக்கு ஒரு பைசா வராது.

புதுப்பிப்பது நினைத்ததைவிடச் சுலபமாக இருந்தது. தர்ட் பார்ட்டி, அதாவது அடுத்தவருக்கு ஆகும் சேதத்துக்கான பாலிசி மட்டும் போதும் என்றால் கட்டணம் எல்லாக் கம்பெனியிலும் ஒன்றுதான்: 1000 சிசி வரை ரூ.2,094, 1500 வரை ரூ.3,416, அதற்கு மேல் ரூ.7,897, கூடவே 18 சதவீத ஜி.எஸ்.டி. நாங்கள் நம் வண்டிச் சேதத்தையும் சேர்த்த முழுப் பாலிசியே போட்டோம். இடையில் விட்டுப் போனதால் வண்டியைப் பார்க்க ஆள் வருவார் என்று நினைத்தேன், வந்தது ஒரு லிங்க். காரைச் சுற்றி வந்து, சேஸிஸ் நம்பர், மீட்டர் எல்லாம் வீடியோ எடுத்து அனுப்பினால் அன்றைக்கே ஓகே ஆகிவிட்டது. எரிச்சல் இரண்டு இடத்தில். என் லண்டன் கார்டை அந்தத் தளம் ஏற்கவேயில்லை, அப்பாவின் யூபிஐயில் கட்டினோம். அப்புறம், இத்தனை வருஷம் கிளெய்ம் இல்லாமல் சேர்த்த 50 சதவீத போனஸ் (பிரீமியத்தில் தள்ளுபடி), பாலிசி முடிந்து 90 நாள் தாண்டிவிட்டதால் மொத்தமாகப் போய்விட்டது. போன் செய்து கேட்டால் "ரூல் சார்" என்பதைத் தவிர கம்பெனியில் போனை எடுத்த பெண்ணிடம் வேறு பதில் இல்லை, அவரைச் சொல்லியும் குற்றமில்லை.

பாலிசி வரும்வரை வேளாங்கண்ணி போக வண்டி வேண்டுமே என்று விசாரித்தபோது, தெருவில் ஒருவர் தன் ஓன் போர்டு (சொந்த உபயோகத்துக்குப் பதிந்த) இன்னோவாவை நாள் வாடகைக்குத் தருகிறேன் என்றார். வெளிநாட்டிலிருந்து வருகிற நம்மைப் போன்றவர்களிடம்தான் இது நன்றாக ஓடுகிறது. வேண்டாம் என்றேன். சொந்த உபயோகத்துக்குப் போட்ட பாலிசி வாடகைக்கு ஓடும்போது செல்லாது, விபத்து நடந்தால் கம்பெனி கைவிரிக்க அந்த ஒரு காரணம் போதும். வாடகைக்கென்றே பதிந்த டி போர்டு டாக்ஸியில் டிரைவரோடு போனோம், கொஞ்சம் காசு கூடத்தான். நீங்களே ஓட்ட வேண்டும் என்றால் கறுப்பு போர்டில் மஞ்சள் எழுத்து இருக்கும் வாடகைக் காராகப் பார்த்து எடுங்கள்.

புதுப் பாலிசியை அரசின் ஆவணச் செயலியான டிஜிலாக்கரில் போட்டு அப்பாவுக்கும் மாமாவுக்கும் காட்டிவிட்டேன். இனி நினைவூட்டல் எஸ்எம்எஸ் தங்கச்சி நம்பருக்கும் என் மெயிலுக்கும் வரும்.