ஆட்டமா, தட்டா: உட்கார்ந்தே பழகிய உடம்புக்கு எதை முதலில் மாற்றுவது?

"எடையைக் குறைங்க, சாப்பாட்டைப் பார்த்துக்குங்க, ஏதாவது பயிற்சி பண்ணுங்க." ரத்தப் பரிசோதனை முடிவைப் பார்த்ததும் மருத்துவர் இதை ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறார். கேட்டுக்கொண்டு வெளியே வருபவருக்கோ இவை மூன்று பெரிய வேலைகள். சர்க்கரை எல்லைக்கோட்டில் நிற்கிறது, ரத்த அழுத்தம் கொஞ்சம் அதிகம், இடுப்புச் சுற்றளவு வருடாவருடம் ஏறுகிறது, வேலையோ நாள் முழுக்க நாற்காலியில். எல்லாவற்றையும் ஒரே திங்கட்கிழமையில் தொடங்கி, மூன்றாவது வாரத்தில் எல்லாவற்றையும் விட்டவர்கள்தான் எனக்குத் தெரிந்து அதிகம். இரண்டு வருடங்களுக்கு முன் நானும் அப்படி ஒரு தாளோடு வெளியே வந்தவள்தான். நடனப் பயிற்சி, உணவு மாற்றம் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, முதலில் எதைப் பிடிப்பது என்று பார்க்க வேண்டியிருந்தது.

எடையிலிருந்து தொடங்கலாம். இதில் சுற்றி வளைக்க ஒன்றுமில்லை, உணவுதான் முந்துகிறது. 70 கிலோ எடையுள்ள ஒருவர் மிதமான வேகத்தில் அரை மணி நேரம் ஆடினால் செலவாவது ஏறத்தாழ 175 கலோரி. அதிலும் சும்மா உட்கார்ந்திருந்தாலே செலவாகியிருக்கும் 35 கலோரி அடக்கம். சர்க்கரை கலந்த குளிர்பானம் 500 மில்லியில் சுமார் 200 கலோரி இருக்கிறது. அரை மணி ஆடித் தீர்த்ததை ஐந்து நிமிடத்தில் குடித்துவிடலாம். ஆடிக்கொண்டே மட்டும் எடையைக் குறைக்க நினைப்பவர்கள் இந்தக் கணக்கில்தான் மனம் தளர்ந்து போகிறார்கள்.

ஆனால் எடை இறங்குவதிலும் ஒரு விஷயம் இருக்கிறது. உணவைக் குறைத்து மட்டும் எடையை இறக்கினால், இறங்குவதில் கால் பங்கு வரை கொழுப்பு அல்லாத திசுவாக இருக்கும். தசையும் அதில் போகும். சாப்பிட்ட சர்க்கரையைப் பெரும்பங்கு வாங்கி வைத்துக்கொள்ளும் இடமே தசைதான், அதை இழப்பது நமக்கு நஷ்டம். ஆடுபவருக்கு இந்த இழப்பு குறைகிறது. எடைக் கருவி முள் நகராத வாரங்களிலும், வயிற்றுக்குள் உறுப்புகளைச் சுற்றி இருக்கும் கொழுப்பு உடற்பயிற்சியால் குறையும். அதனால்தான் எடை அப்படியே இருக்க, உடை மட்டும் தளர்கிறது.

ரத்த அழுத்தத்திலும் உணவுக்கே முதலிடம் கொடுப்பேன். 1997இல் வெளிவந்த 'டேஷ்' ஆய்வில் காய்கறி, பழம், கொழுப்பு குறைந்த பால் பொருட்கள் நிறைந்த உணவைச் சில வாரங்கள் கொடுத்துப் பார்த்தார்கள். உப்பின் அளவையும் எடையையும் மாற்றவில்லை. ஏற்கெனவே ரத்த அழுத்தம் அதிகமாக இருந்தவர்களுக்கு, வழக்கமான உணவு சாப்பிட்டவர்களோடு ஒப்பிட்டால், மேல் எண் 11 புள்ளிக்குமேல் இறங்கியது. நடனம் போல மூச்சு வாங்கும் பயிற்சிகளைத் தொடர்ந்து செய்தால் அப்படிப்பட்டவர்களுக்குப் பொதுவாக இறங்குவது 5 முதல் 8 புள்ளி. உப்பையும் குறைத்தால் உணவின் பக்கம் இன்னும் கனக்கும். நாளைக்கு 5 கிராமுக்குள், அதாவது ஒரு தேக்கரண்டிக்குள் என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

சர்க்கரைக்கு வந்தால் தராசு ஆட ஆரம்பிக்கிறது. இங்கே கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும்.

சீனாவின் தாச்சிங் நகரில் 1986இல் ஓர் ஆய்வு தொடங்கியது. நீரிழிவு இன்னும் வராத, ஆனால் அதை நெருங்கிக்கொண்டிருந்த 577 பேர். ஒரு பிரிவுக்கு உணவு மாற்றம் மட்டும், ஒரு பிரிவுக்கு உடற்பயிற்சி மட்டும், ஒரு பிரிவுக்கு இரண்டும், இன்னொரு பிரிவு ஒப்பிட்டுப் பார்க்க. ஆறு வருடம் கழித்துக் கணக்கிட்டபோது நீரிழிவு வரும் ஆபத்து உணவுப் பிரிவில் 31%, உடற்பயிற்சிப் பிரிவில் 46%, இரண்டும் செய்த பிரிவில் 42% குறைந்திருந்தது. இந்த மூன்று எண்களுக்கு இடையே உள்ள வித்தியாசத்தைப் பெரிதாக எடுத்துக்கொள்ளக் கூடாது. அது தற்செயலாகவும் வந்திருக்கலாம். எனக்கு முக்கியமாகப் பட்டது வேறு: எந்த ஒரு வழியைப் பிடித்தவருக்கும் பலன் கிடைத்திருக்கிறது. இரண்டையும் ஒரே நாளில் தொடங்க முடியவில்லையே என்று குமைந்துகொண்டிருப்பவர்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்று ஆசைப்படுகிறேன். பின்னர் 2002இல் வெளியான அமெரிக்க ஆய்வில் உணவு மாற்றத்தோடு வாரம் 150 நிமிடப் பயிற்சியும் சேர்ந்தபோது ஆபத்து 58% குறைந்தது. நீரிழிவுக்குக் கொடுக்கும் மெட்ஃபார்மின் மாத்திரை குறைத்தது 31%.

உடற்பயிற்சி எப்படிச் சர்க்கரையைக் குறைக்கிறது? தசை சுருங்கி விரியும்போது, இன்சுலின் வந்து கதவைத் தட்டாமலேயே செல்லுக்குள் குளுக்கோஸ் போகும் வழி திறக்கிறது. இன்சுலின் சரியாக வேலை செய்யாத உடம்புக்கு இது எவ்வளவு பெரிய உதவி என்று யோசித்துப் பாருங்கள். ஆடி முடித்த பிறகும் அந்தத் தாக்கம் ஒரு நாளோ இரண்டு நாளோ நீடிக்கும், அப்புறம் மங்கிவிடும். அதனால் ஞாயிற்றுக்கிழமை மட்டும் இரண்டு மணி நேரம் ஆடுவதைவிட, தொடர்ந்து இரண்டு நாளுக்குமேல் இடைவெளி விடாமல் ஆடுவதுதான் சர்க்கரைக்கு நல்லது.

சரி, நடைப்பயிற்சியும் இதைத்தானே செய்யும், நடனம் எதற்கு என்று கேட்கலாம். நடக்கப் பிடித்தவர் நடக்கட்டும். எனக்கு நடப்பது இரண்டு வாரத்துக்குமேல் ஒட்டியதே இல்லை. நடன வகுப்பின் முதல் நாள் நினைவிருக்கிறது. நின்ற இடத்தில் எட்டு எண்ணிக்கை நடை, பிறகு வலப்பக்கம் இரண்டு அடி வைத்து ஒரு தட்டு, அதையே இடப்பக்கம். கையும் சேர்ந்ததும் கால் குழம்பியது. "கையை விட்டுடுங்க, காலை மட்டும் பாருங்க" என்றார் பயிற்றுநர். காலை மட்டும் பார்த்தேன். நான்காவது பாட்டின்போதுதான் கடிகாரத்தின் பக்கமே திரும்பவில்லை என்று தெரிந்தது. அடுத்த அடி என்ன என்பதில் மனம் கிடக்கும்போது, களைப்பை எண்ணிக்கொண்டிருக்க அதற்கு நேரமில்லை. உட்கார்ந்தே பழகியவர்களுக்கு இது சாதாரண விஷயமில்லை. பக்கவாட்டில் நகர்வது, திரும்புவது, ஒரு காலில் எடையை மாற்றுவது எல்லாம் சமநிலையையும் பழக்குகின்றன. நேராக நடப்பதில் அது அவ்வளவாகக் கிடைக்காது.

வேகத்துக்கு எளிய அளவுகோல் ஒன்று உண்டு. ஆடும்போது பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. அது மிதமான வேகம். பேச்சும் இரண்டு மூன்று சொல்லில் அறுந்துபோனால் தீவிரம். மிதமாக என்றால் வாரம் 150 நிமிடம், தீவிரமாக என்றால் 75 நிமிடம் குறைந்தபட்ச இலக்கு. ஒரே மூச்சில் பத்து நிமிடமாவது செய்தால்தான் கணக்கு என்ற பழைய நிபந்தனையை உலக சுகாதார நிறுவனம் 2020இல் எடுத்துவிட்டது. ஒரு பாட்டுக்கு ஆடினாலும் கணக்குதான்.

உணவு மாற்றம் கடினமாவது வேறு இடத்தில். வகுப்புக்குப் போவது ஒரு நாளில் ஒரு முடிவு. சாப்பாடோ காலையிலிருந்து இரவு வரை பத்துப் பதினைந்து முடிவு. சமைப்பவர் வேறொருவர் என்றால் அந்த முடிவு நம் கையிலும் இல்லை, வீடே சேர்ந்து மாற வேண்டும். கடையில் வாங்குவதும் ஏமாற்றும். முன்பக்கம் 'சத்து நிறைந்தது' என்று போட்ட காலை உணவுப் பொட்டலம் ஒன்றை ஒரு நாள் திருப்பிப் பார்த்தேன். 'ஒரு பரிமாறலுக்கு' என்ற வரிசையில் சர்க்கரை கொஞ்சம்தான். பக்கத்தில் 'நூறு கிராமுக்கு' என்ற வரிசையில் கால் பங்கு. 2000 கலோரி சாப்பிடுபவருக்குச் சேர்க்கப்படும் சர்க்கரை ஒரு நாளைக்கு 50 கிராமுக்குள், முடிந்தால் 25 கிராமுக்குள் இருப்பது நல்லது. அன்றிலிருந்து நூறு கிராம் வரிசையை மட்டும்தான் படிக்கிறேன். அப்புறம் தட்டில் பாதியைக் காய்கறிக்கு ஒதுக்கினேன். எண்ணவோ எடை போடவோ தேவையில்லாததால் அந்த ஒன்று நிலைத்தது.

இரண்டிலும் ஆபத்து உண்டு, அதை மறைக்கக் கூடாது. மூட்டு வலி உள்ளவர்களும் எடை மிக அதிகமானவர்களும் குதித்து ஆட வேண்டாம். ஒரு கால் எப்போதும் தரையில் இருக்கும் அசைவுகளே போதும், நாற்காலியில் உட்கார்ந்தும் ஆடலாம். இன்சுலினோ சர்க்கரையைச் சட்டென்று இறக்கும் மாத்திரையோ எடுப்பவர்களுக்கு ஆடும்போது தாழ்சர்க்கரை வரலாம். நீரிழிவால் விழித்திரை பாதித்தவர்களும் பாதத்தில் உணர்ச்சி குறைந்தவர்களும் மருத்துவரைக் கேட்டுவிட்டுத்தான் தொடங்க வேண்டும். நெஞ்சில் அழுத்தம், தலைசுற்றல் என்றால் உடனே நிறுத்த வேண்டும். உணவின் பக்கம், சிறுநீரக நோய் உள்ளவர்கள் 'குறைந்த சோடியம்' உப்பைத் தாமாக வாங்கக் கூடாது. அதில் சோடியத்துக்குப் பதில் பொட்டாசியம் இருக்கும், அவர்கள் உடலில் அது தேங்கிவிடும். சில ரத்த அழுத்த மாத்திரைகளோடும் இதே பிரச்சினை வரும்.

என் தேர்வைக் கேட்டால், தாளில் எந்த எண் சிவப்பில் இருக்கிறது என்று முதலில் பார்ப்பேன். ரத்த அழுத்தம் என்றால் உப்பும் தட்டும் முதலில். எடை மிக அதிகம், முழங்காலும் வலிக்கிறது என்றால் அப்போதும் உணவு முதலில். சில கிலோ இறங்கினாலே முழங்கால் ஆட இடம் கொடுக்கும். சர்க்கரை எல்லைக்கோட்டில், நாள் முழுக்க நாற்காலியில், மனமும் சோர்ந்து கிடக்கிறது என்றால் தயங்காமல் நடனம். அதோடு சர்க்கரை கலந்த பானங்களை மட்டும் நிறுத்திவிட்டு, மற்ற உணவு மாற்றங்களை ஆறு வாரம் தள்ளிவைக்கலாம். நான் போன வழி இதுதான். வகுப்பு பழக்கமான பிறகு தட்டை மாற்றுவது, முதல் தடவை முயன்றதைவிட எவ்வளவோ லேசாக இருந்தது.

எதைத் தொடங்கினாலும் எச்பிஏ1சி பரிசோதனைக்கு அவசரப்பட்டு ஓடாதீர்கள். அது கடந்த 2, 3 மாதங்களின் ரத்தச் சர்க்கரைச் சராசரியைக் காட்டுவது, மூன்றாவது வாரத்தில் பார்த்தால் பழைய கணக்குத்தான் பெரும்பாலும் தெரியும். தொடங்கிய நாளிலிருந்து மூன்று மாதம் தள்ளித் தேதி குறித்துக்கொள்ளுங்கள். அதுவரை அளவு நாடா ஒன்று போதும்: இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, காலையில் சாப்பிடும் முன், மூச்சைச் சாதாரணமாக வெளியே விட்டு, கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல்விளிம்புக்கும் நடுவே வைத்து அளந்து எழுதி வையுங்கள்.