கீழாநெல்லியும் என் கல்லீரலும்: சில ஆண்டுகளின் அனுபவம்

மதுப் பழக்கமே இல்லாத எனக்கு ஸ்கேனில் கல்லீரலில் கொழுப்பு படிந்திருப்பது தெரிந்தது. கல்லீரல் பாதிப்பை இரத்தத்தில் காட்டும் எஸ்ஜிபிடி அளவும் கூடியிருந்தது. அரசு மருத்துவமனையின் சித்த மருத்துவப் பிரிவில் கேட்டுக் கீழாநெல்லியைத் தொடங்கினேன். இன்றும் மழைக்காலந்தோறும் சாப்பிடுகிறேன்.

மன்னார்குடிப் பக்கம் ஐப்பசி, கார்த்திகையில் இதைத் தேடி அலைய வேண்டியதில்லை, வரப்பெல்லாம் முளைத்துக் கிடக்கும். ஆனால் களைக்கொல்லி தெளித்த வயலின் வரப்பில் கை வைக்கவே கூடாது. நான் கொல்லையில் வளர்வதைத்தான் பறிக்கிறேன். இலைகளுக்கு அடியில் காய்கள் வரிசையாகத் தொங்க வேண்டும். தண்டு சிவந்து, காய் சொரசொரப்பாக இருந்தால் அது வேறு இனம். வேரோடு பிடுங்கி, மண் போக அலசி, அரைத்து, மருத்துவர் சொன்ன அளவில் மோரில் கலந்து வெறும் வயிற்றில் குடிப்பேன். கசக்கும், ஆனால் நிலவேம்பு அளவுக்கு இல்லை. அவ்வப்போது மஞ்சள் கரிசலாங்கண்ணியைப் பாசிப்பருப்போடு கூட்டாக்குகிறோம். அது மருந்தாகவே தோன்றாது, அவ்வளவு ருசி.

பசி சீரானது. எஸ்ஜிபிடி இயல்பு அளவுக்கு இறங்கியது. இதன் பெருமை முழுவதையும் மூலிகைக்குக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. டெல்டாக்காரனுக்கு மூன்று வேளையும் அரிசிதான். அதில் இரவுச் சோற்றை நிறுத்தினேன், இனிப்பைக் குறைத்தேன், பாமணி ஆற்றங்கரையில் தினமும் நடந்தேன், எடை இறங்கியது. உடல் எடையில் 7 முதல் 10 சதவீதம் குறைந்தாலே கல்லீரல் வீக்கம் தணியும் என்பது மருத்துவர்கள் உறுதிப்படுத்திய செய்தி.

கீழாநெல்லியின் புகழுக்கு ஆய்வுப் பின்னணியும் உண்டு. சென்னைப் பல்கலைக்கழகத்தின் எஸ்.பி. தியாகராஜனும் நோபல் பரிசு பெற்ற புளூம்பெர்க்கும் இடம்பெற்ற குழு, 1988இல் ‘லான்செட்’ மருத்துவ இதழில் ஒரு முடிவை வெளியிட்டது. கல்லீரலைத் தாக்கும் ஹெபடைட்டிஸ் பி கிருமி உடலில் தங்கியிருந்த 37 பேருக்கு 30 நாள் இதைக் கொடுத்ததில், 22 பேரின் இரத்தத்தில் கிருமியின் அடையாளம் மறைந்திருந்தது. பின்னர் பிற நாடுகளில் நடந்த சோதனைகளில் அந்தப் பலன் கிடைக்கவில்லை. அதுவும் கிருமிக்கான ஆய்வு, கொழுப்புக்கானது அல்ல.

மூலிகைதானே, என்ன செய்துவிடும் என்ற பேச்சை மட்டும் நான் ஏற்பதில்லை. சீந்தில் சாப்பிட்டவர்களுக்குக் கல்லீரல் பாதிக்கப்பட்டதை மும்பை மருத்துவர்கள் 2021இல் பதிவு செய்தார்கள். அதனால்தான் நான் மூலிகை எடுக்கும் காலத்தில் கல்லீரல் பரிசோதனையை விடுவதில்லை. வேறு மாத்திரை எழுதும் மருத்துவரிடமும் இதைச் சொல்லிவிடுகிறேன்.

பித்தநாளத்தில் கல் அடைத்தாலும் மஞ்சள் காமாலை வரும், அதற்குப் பச்சிலை உதவாது. “அண்ணே, காமாலைக்குக் கொஞ்சம் கீழாநெல்லி வேண்டும்” என்று யாராவது வாசலில் வந்து நின்றால், “இரத்தப் பரிசோதனை, ஸ்கேன் எடுத்தாயா தம்பி?” என்றுதான் முதலில் கேட்கிறேன். எடுக்கவில்லை என்றால் செடியைக் கொடுப்பதில்லை, ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகிறேன்.