அச்சாணி கழன்ற பிறகும் ஓடிய தேர்: ஈகிள்ஸ் 2017ஆ, பேக்கர்ஸ் 2010ஆ?

போன டிசம்பர் விடுமுறைக்கு அக்கா மகன் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தான். அமெரிக்காவுக்குப் படிக்க வந்து நாலு மாதம்தான் ஆகிறது. கல்லூரியில் எல்லாரும் பேசும் இந்த அமெரிக்கன் ஃபுட்பால் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை என்றான். "மாமா, ஏதாவது ஒரு டீமோட ஒரு சீசனை முதல்ல இருந்து கடைசி வரைக்கும் பார்த்துடலாம்னு இருக்கேன். எதைப் பார்க்கட்டும், சொல்லுங்க" என்று கேட்டான்.

எனக்கு இரண்டு பெயர்கள் உடனே வந்தன. கிரீன் பே பேக்கர்ஸின் 2010, ஃபிலடெல்ஃபியா ஈகிள்ஸின் 2017. இரண்டு அணியும் சீசன் நடுவில் ஆள் மாற்றி ஆள் அடிபட்டு விழுந்து, கடைசியில் சூப்பர் பவுலை, அதாவது பட்டத்துக்கான இறுதி ஆட்டத்தை, ஜெயித்தவை. விளையாட்டைப் புதிதாகப் பார்ப்பவருக்கு இப்படிப்பட்ட சீசன்தான் நல்லது. ஒருவர் அடிபட்டு வெளியே போய் அந்த இடத்தில் இன்னொருவர் வந்து நிற்கும்போதுதான் அந்த இடத்துக்கு என்ன வேலை என்பதே நமக்குப் புரிகிறது. ஒரு இரவு முழுக்க யோசித்து ஈகிள்ஸ் என்றேன். பதினாறு லீக் ஆட்டம், மூன்று பிளே-ஆஃப், ஆக 19 ஆட்டங்களையும் அவனோடு உட்கார்ந்து பார்த்தேன். விஷயம் தெரிந்த நண்பர்கள் இரண்டு பேர் பேக்கர்ஸைத்தான் சொல்லியிருக்க வேண்டும் என்று இன்னும் வாதாடுகிறார்கள். அவர்களுக்கும் சேர்த்துத்தான் இதை எழுதுகிறேன்.

பேக்கர்ஸ் பக்க நியாயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். அது சின்ன நியாயம் இல்லை. அந்த வருஷம் 15 பேர் காயப் பட்டியலில் ஏறி சீசனையே இழந்தார்கள். முதல் ஆட்டத்திலேயே பந்தைத் தூக்கிக்கொண்டு ஓடும் முக்கிய ரன்னிங் பேக் ரையன் கிராண்ட் கணுக்காலில் அடிபட்டுப் போனார். ஐந்தாவது ஆட்டத்தில், எறியும் பந்தைப் பிடிக்கும் ஜெர்மைக்கேல் ஃபின்லியின் முட்டி போனது. தடுப்பில் இரண்டாவது வரிசையில் நிற்கும் லைன்பேக்கர் நிக் பார்னெட், குவார்ட்டர்பேக்குக்கு (பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்துபவருக்கு) முன்வரிசைக் காவலாக நிற்கும் டேக்கிள் மார்க் டவுஷர் என்று வரிசை நீள்கிறது. இத்தனைக்கும் அந்த அணி தோற்ற ஆறு ஆட்டங்களில் ஒன்றில்கூட வித்தியாசம் நாலு புள்ளியைத் தாண்டவில்லை. சீசன் முழுக்க எந்த ஆட்டத்தின் எந்த நிமிஷத்திலும் ஏழு புள்ளிக்கு மேல் பின்தங்கியதே இல்லை. இதை முதன்முதலில் படித்தபோது எனக்கு நம்பிக்கை வரவில்லை. ஒவ்வொரு ஆட்டமாகப் புள்ளிகளைச் சரிபார்த்த பிறகுதான் நம்பினேன்.

காலி இடங்களை நிரப்பியவர்களும் யாருக்கும் தெரியாத ஆட்கள். ஜேம்ஸ் ஸ்டார்க்ஸ் என்ற ஆறாவது சுற்றுப் புதுமுகம் லீக் ஆட்டங்களில் மொத்தமாகச் சேர்த்தே 101 யார்டுதான் ஓடியிருந்தார். முதல் பிளே-ஆஃபில் ஃபிலடெல்ஃபியாவில் வைத்து ஒரே ஆட்டத்தில் 123 யார்டு ஓடினார். அக்டோபரில் வேறொரு அணி கழற்றிவிட்டு இங்கே வந்த ஹோவர்ட் கிரீன், சூப்பர் பவுலில் எதிரணிக் குவார்ட்டர்பேக்கின் கையைத் தட்டிவிட, தடுமாறிப் போன பந்தைப் பிடித்து நிக் காலின்ஸ் கடைசிக் கோட்டைத் தாண்டி டச்டவுன் வரைக்கும் ஓடினார். அதே ஆட்டத்தின் முதல் பாதியில் தடுப்பாட்டக்காரர் சார்லஸ் வுட்சனுக்குக் காறை எலும்பு முறிந்தது. இடைவேளையில் அணியின் முன் எழுந்து நின்றவருக்கு நாலு வார்த்தைக்கு மேல் பேச்சு வரவில்லை, தொண்டை அடைத்துவிட்டது. 31-25 என்று ஸ்டீலர்ஸை ஜெயித்தார்கள். ஆள் சேர்ப்பு எப்படி நடக்க வேண்டும் என்று படிக்க நினைப்பவருக்கு இதைவிட நல்ல பாடம் கிடையாது.

ஆனால் அச்சாணி இல்லாத தேர் முச்சாணும் ஓடாது என்பார்கள். இந்த விளையாட்டில் அச்சாணி குவார்ட்டர்பேக். பேக்கர்ஸுக்குச் சக்கரம் உடைந்தது, குடை சாய்ந்தது, வடம் அறுந்தது. ஆரோன் ராட்ஜர்ஸ் என்ற அச்சாணி மட்டும் கழலவில்லை. தலையில் அடிபட்டு அவர் ஒரே ஒரு ஆட்டம் உட்கார்ந்தார். அன்றைக்கு மாட் ஃபிளின் நியூ இங்கிலாந்தில் போய் 31-27 வரை போராடித் தோற்றார். அடுத்த வாரம் ராட்ஜர்ஸ் திரும்பி வந்துவிட்டார். ஈகிள்ஸுக்குக் கழன்றது அச்சாணியேதான். என் தேர்வுக்குக் காரணமும் இது ஒன்றுதான்.

அந்த 2017 சீசனில் சாதனையும் காயமும் பிரிக்க முடியாமல் பின்னிக்கிடக்கும். மூன்றாவது வாரம் ஜயன்ட்ஸோடு ஆட்டம். உதைப்பவர் கேலப் ஸ்டர்கிஸ் முதல் வாரமே அடிபட்டதால், இன்னொரு அணியின் பயிற்சிக் குழுவில் இருந்த ஜேக் எலியட் என்ற புதுமுகத்தைப் பிடித்து வந்திருந்தார்கள். வந்து இரண்டு வாரம்கூட ஆகவில்லை. ஸ்கோர் 24-24, கடிகாரத்தில் ஒரே ஒரு வினாடி. 61 யார்டு தூரத்திலிருந்து உதைத்தார். பந்து கம்பத்துக்கு உள்ளே விழுந்தது. அந்த அணியின் வரலாற்றிலேயே நீளமான ஃபீல்டு கோல் அது. அதே ஆட்டத்தில்தான் ரன்னிங் பேக் டேரன் ஸ்ப்ரோல்ஸுக்கு ஒரே மோதலில் முன்கையும் உடைந்து முட்டி ஜவ்வும் கிழிந்தது. அக்டோபரில் வாஷிங்டனை ஜெயித்த இரவில் இடது டேக்கிள் ஜேசன் பீட்டர்ஸையும் லைன்பேக்கர் ஜோர்டன் ஹிக்ஸையும் சேர்த்து இழந்தார்கள்.

பிறகு டிசம்பர் 10, லாஸ் ஏஞ்சலிஸ். இந்த ஒரு ஆட்டத்துக்காகவே அவனுக்கு இந்த சீசனைச் சொன்னேன் என்றுகூடச் சொல்லலாம். மூன்றாவது கால்பகுதி. ஈகிள்ஸின் குவார்ட்டர்பேக் கார்சன் வென்ட்ஸ் டச்டவுன் கோட்டை நோக்கித் தலையை முன்நீட்டிப் பாய்கிறார், இரண்டு பக்கமும் இரண்டு பேர் வந்து மோதுகிறார்கள். டச்டவுன் என்று கத்தினால், சக ஆட்டக்காரர் எதிராளியைப் பிடித்த குற்றத்துக்காக அதை ரத்து செய்துவிட்டார்கள். வென்ட்ஸ் எழுந்து நிற்கிறார். வெளியே போகவில்லை. இன்னும் நாலு பிளே ஆடுகிறார். கடைசி வாய்ப்பான நாலாவது டவுனில், நின்ற இடத்திலிருந்தே ஆல்ஷான் ஜெஃப்ரிக்கு எறிந்து டச்டவுன். அது அவருடைய அந்த சீசனின் 33ஆவது டச்டவுன் பாஸ். 1961இல் சானி ஜர்கென்சன் வைத்த 32 என்ற அணி சாதனை அந்த எறிதலில் உடைந்தது.

"நொண்டுறாரே மாமா, ஏதாவது ஆயிடுச்சா?" என்று கேட்டான். நான் வாயைத் திறக்கவில்லை. அந்த நாலு பிளேயையும் அவர் ஆடியது ஜவ்வு கிழிந்த முட்டியோடு என்று மறுநாள் ஸ்கேனில்தான் தெரிந்தது. திரையில் அவர் ஓரத்து மருத்துவக் கூடாரத்துக்குள் போகிறார், வெளியே வருகிறார், தலையில் துண்டோடு சுரங்கப் பாதையில் நடந்து மறைகிறார். அந்தப் பத்து விநாடிக் காட்சியை எத்தனையாவது தடவை பார்த்தாலும் எனக்கு வயிற்றைப் பிசைகிறது.

உள்ளே வந்தவர் நிக் ஃபோல்ஸ். 2013இல் இதே அணியில் 27 டச்டவுன் எறிந்து இரண்டே இன்டர்செப்ஷன் (எதிரணி பிடித்துவிடும் எறிதல்) கொடுத்தவர். பிறகு வேறு அணிக்கு மாற்றப்பட்டு, 2016இல் விளையாட்டையே விட்டுவிடலாமா என்று யோசித்து, சுற்றி அலைந்து பெஞ்சுக்காகத் திரும்பி வந்தவர். அன்று 43-35 என்று ஆட்டத்தை முடித்துக் கொடுத்தார், டிவிஷன் எனும் பிரிவில் முதலிடமும் கைக்கு வந்தது. ஆனால் கிறிஸ்துமஸ் இரவு ரெய்டர்ஸோடு தடுமாறினார். கடைசி லீக் ஆட்டத்தில் கௌபாய்ஸுக்கு எதிராக 11 எறிந்து 4தான் சேர்ந்தது. முதலிடத்தில் இருந்த அணியை, சொந்த மைதானத்திலேயே தோற்கும் என்று எல்லாரும் கணித்தார்கள். நானும் அன்றைக்கு அப்படித்தான் நினைத்தேன்.

அப்போது பயிற்சியாளர்கள் என்ன செய்தார்கள் என்பதுதான் எனக்கு முக்கியம். தலைமைப் பயிற்சியாளர் டக் பீடர்சன் தன் ஆட்ட வாழ்க்கையில் பெரும்பகுதியை கிரீன் பேயில் பிரெட் ஃபார்வ் பின்னால் மாற்று ஆளாகக் கழித்தவர். தாக்குதல் பயிற்சியாளர் ஃபிராங்க் ரைக், பஃபலோவில் ஜிம் கெல்லிக்கு மாற்று. கெல்லி அடிபட்டிருந்த 1993 ஜனவரியில் 32 புள்ளி பின்தங்கியிருந்த பிளே-ஆஃப் ஆட்டத்தை 41-38 என்று திருப்பியவர். பெஞ்சில் உட்கார்ந்தவனுக்கு என்ன தேவை என்பது இந்த இரண்டு பேருக்கும் உடம்பால் தெரியும். வென்ட்ஸுக்காகப் போட்ட திட்டத்தை ஃபோல்ஸ் தலையில் கட்டுவதை விட்டார்கள். அவருடைய பழைய ஆட்டங்களைப் போட்டுப் பார்த்து, அவர் கைக்கு எது வாகாக வரும் என்று தேடினார்கள்.

கிடைத்தது ஆர்.பி.ஓ. (ரன்-பாஸ் ஆப்ஷன், ஓடுவதா எறிவதா என்ற தேர்வு) என்கிற உத்தி. ஃபோல்ஸ் பந்தை ரன்னிங் பேக்கின் வயிற்றோடு ஒட்டிவைப்பார். கை பந்தில் இருக்கும், கண் எதிரணியின் ஒரே ஒரு லைன்பேக்கர் மேல் இருக்கும். அந்த ஆள் ஒரு எட்டு முன்னால் வைத்தால், பந்தை உருவி, அவர் விட்டுவந்த இடத்துக்கு எறிந்துவிடுவார். அவர் அசையாமல் நின்றால் பந்து ரன்னிங் பேக்கிடமே போகும். களம் முழுக்கப் பார்த்து அலசி முடிவெடுக்க வேண்டியதில்லை, ஒரு ஆளைப் பார்த்தால் போதும். அக்கா மகனுக்கு நான் டீப்பாய் மேல் காபி டம்ளர்களை வைத்துக் காட்டினேன். இரண்டாவது தடவை அவனே டம்ளரை நகர்த்தி, "இவர் வந்தா இங்க காலி" என்றான்.

ஃபால்கன்ஸை 15-10 என்று மயிரிழையில் தாண்டினார்கள். அடுத்து வந்தது லீக்கிலேயே முதலிடத் தடுப்பு வைத்திருந்த வைக்கிங்ஸ். ஃபோல்ஸ் 352 யார்டு, மூன்று டச்டவுன், ஸ்கோர் 38-7. சூப்பர் பவுலில் முதல் பாதி முடிய 38 வினாடி, நாலாவது டவுன், ஒரு யார்டு பாக்கி. ஃபீல்டு கோலுக்குப் போகவில்லை. ஃபோல்ஸே ஓரத்துக்கு வந்து ஒரு தந்திர ஆட்டத்தைக் கேட்கிறார், பீடர்சன் ஒரு நொடி யோசித்துவிட்டுச் சரி என்கிறார். பந்து நேராக கோரி கிளெமென்டிடம் போய், அங்கிருந்து ட்ரே பர்ட்டனிடம் போய், யாரும் கவனிக்காமல் கோட்டுக்குள் நுழைந்திருந்த ஃபோல்ஸ் கையில் விழுகிறது. எதிரணி நியூ இங்கிலாந்தின் குவார்ட்டர்பேக் டாம் பிரேடி 505 யார்டு எறிந்தும் 41-33 என்று ஈகிள்ஸ் ஜெயித்தது. 1960க்குப் பிறகு அந்த அணி வென்ற முதல் பட்டம், அதன் முதல் சூப்பர் பவுல். ஓரத்தில் நின்று பேசிய அந்த இரண்டு பேரும் இன்று ஸ்டேடியத்துக்கு வெளியே வெண்கலச் சிலையாக நிற்கிறார்கள்.

ஒன்றை ஒத்துக்கொள்ள வேண்டும். பேக்கர்ஸ் ஆட்டங்களில் பாதிக்கு மேல் நான் பார்த்தது நாற்பது நிமிஷச் சுருக்கப் பதிப்பில்தான். அதில் இரண்டு பிளேக்களுக்கு நடுவில் இருக்கும் மூச்சு வெட்டுப்பட்டுப் போகிறது. முழுசாகப் பார்த்திருந்தால் என் தராசு கொஞ்சம் அந்தப் பக்கம் இறங்கியிருக்கலாம். தடுப்பு வரிசைகளை ஒப்பிடும் அளவுக்கு எனக்குக் கண் போதாது. நான் நியூ ஜெர்சிக்காரன், ஃபிலடெல்ஃபியா ஒரு மணி நேரத் தூரம், அந்தப் பாசமும் இதில் இருக்கிறது.

ஏற்கெனவே நாலைந்து சீசன் பார்த்தவர் என்றால் பேக்கர்ஸிலிருந்தே தொடங்கலாம். மாற்று ஆட்களின் அருமை அவருக்குச் சொல்லாமலே புரியும். புதியவருக்கு என் பதில் மாறாது: முதலில் ஈகிள்ஸ், அதன் சூடு ஆறுவதற்குள் பேக்கர்ஸ்.

அவன் அப்படித்தான் செய்துகொண்டிருக்கிறான். போன வாரம் விடுதியிலிருந்து கூப்பிட்டு, பேக்கர்ஸின் முதல் ஆட்டமும் ஃபிலடெல்ஃபியாவில்தான் நடந்தது என்று ஆச்சரியப்பட்டான். அப்புறம் கொஞ்சம் தயங்கி, "ரையன் கிராண்ட் காலைப் பிடிச்சிக்கிட்டு உட்கார்ந்துட்டாரே மாமா, திரும்ப வருவாரா?" என்று கேட்டான். பார்த்துத் தெரிஞ்சுக்கோடா என்று சொல்லி போனை வைத்தேன்.