லண்டனிலிருந்து திருகோணமலை: மூன்று வான்வழிகளில் எதை எடுப்பது?

திருகோணமலை உவர்மலையில் எங்கள் வீட்டு மேல்மாடியில் ஒரு மேசை, இரண்டு திரைகள், கரண்ட் போனால் நாற்பது நிமிடம் தாங்கும் ஒரு யூபிஎஸ். அதுதான் என் அலுவலகம். தனியார் ஜெட்களுக்குப் பாதை போடுவது, நாடு நாடாக அனுமதி எடுப்பது, எரிபொருளுக்கும், விமான நிலையத்தில் தரைவேலைகளைப் பார்க்கும் ஹேண்ட்லருக்கும் சொல்லிவைப்பது என் வேலை. பெரும்பாலும் இரவு வேலை. முற்றத்தில் மான்கள் வந்து அம்மாவின் செடிகளைக் கடிக்கும் சத்தம் கேட்கிற நேரத்தில் ஏதாவது ஒரு ஜெட் கருங்கடலுக்கு மேலே இருக்கும்.

ஐரோப்பாவிலிருந்து இலங்கைக்கு எந்த வழி நல்லது என்று கேட்காத வாடிக்கையாளர் இல்லை. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி அலுத்துவிட்டது, அதனால் ஒரே தடவையில் எழுதிவிடுகிறேன்.

ஒரு பயணத்தை எடுத்துக்கொள்வோம். லண்டனிலிருந்து ஆறு பேர், கொழும்பில் இரண்டு நாள் கூட்டம், மிச்ச நாள் திருகோணமலைப் பக்கம் நிலாவெளிக் கடற்கரை. நேர்கோட்டில் சுமார் 4,700 கடல் மைல். குல்ஃப்ஸ்ட்ரீம் ஜி650 மாதிரி 7,000 மைல் போகும் விமானம் என்றால் ஒரே மூச்சில் வந்துவிடலாம். என்னிடம் வருபவர்களில் பாதிப் பேர் சேலஞ்சர் 650 போன்ற 4,000 மைல்காரர்கள். அவர்கள் எங்காவது இறங்கி எண்ணெய் போட்டே ஆகவேண்டும். எந்த வழி, எங்கே இறங்குவது என்பதெல்லாம் அவர்களுக்கு ஒரே கேள்விதான்.

முன்பு ரஷ்யா, உக்ரேன் பக்கமாகவும் ஒரு வழி இருந்தது. 2022 பெப்ரவரி 24 முதல் உக்ரேன் வான்வெளி மூடியிருக்கிறது. அதற்கு அடுத்த சில நாட்களில் ஐரோப்பாவும் ரஷ்யாவும் ஒன்றின் முகத்தில் மற்றது கதவைச் சாத்தின. மிச்சம் மூன்று: காக்கேசியா வழியாக வடக்கு, ஈராக் வழியாக நடு, எகிப்து–சவூதி வழியாகத் தெற்கு.

திருக்கடலூரில் எனக்கு ஒரு சித்தப்பா, கடலுக்குப் போகிறவர். மீன் எந்தப் பக்கம் என்று யோசிக்க முன்னமே, காற்று மாறினால் எங்கே ஒதுங்குவது என்று பார்த்துவிடுவார்: கொட்டியாரக்குடாவா, உள்துறைமுகமா, வடக்கே புடவைக்கட்டா. மூன்று வழிகளையும் நான் பார்ப்பதும் அப்படித்தான். நடுவழியில் வானத்தைப் பூட்டினால் எங்கே இறங்குவோம்? நேரக் கணக்கும் எண்ணெய்க் கணக்கும் அதற்குப் பிறகு.

வடக்கு

மேப்பில் பார்க்க அழகான வழி இதுதான். துருக்கி, ஜோர்ஜியா, அசர்பைஜான், காஸ்பியன் கடல், துர்க்மெனிஸ்தான், ஆப்கானிஸ்தான், பாகிஸ்தான், இந்தியா. நேர்கோட்டுக்கு மிகக் கிட்ட. பாகுவில் இறங்கினால் பயணம் ஏறக்குறைய பாதி பாதியாகப் பிரியும். சேலஞ்சருக்கு மூச்சு வாங்காது.

சிக்கல் காக்கேசியாவிலேயே ஆரம்பிக்கிறது. வடக்கே ரஷ்யா, தெற்கே ஈரான், நடுவில் ஒரு ஒழுங்கை. ஐரோப்பா–ஆசியப் போக்குவரத்தில் பெரும் பங்கு அதற்குள்தான் நெருக்குகிறது. 2024 டிசம்பர் 25 அன்று குரோஸ்னிக்குப் போன அசர்பைஜான் ஏர்லைன்ஸ் எம்ப்ரேயர் விமானம் வான்காப்புச் சூட்டில் அடிபட்டு, காஸ்பியனைத் தாண்டிக் கசகஸ்தானின் அக்தாவு அருகே விழுந்து 38 பேர் இறந்தார்கள். அது ரஷ்ய வான்வெளிக்குள் நடந்தது, நம் ஒழுங்கைக்குள் அல்ல. ஆனால் வேலிக்கு அந்தப் பக்கம் என்ன பறக்கிறது என்பதை அது காட்டியது.

அடுத்தது ஆப்கானிஸ்தான். 2021 ஓகஸ்டுக்குப் பிறகு அங்கே மேலே பறக்கும் விமானங்களை வழிநடத்தக் கட்டுப்பாட்டாளர் இல்லை. நான் இந்த உயரத்தில் இந்த இடத்தில் போகிறேன் என்று விமானிகளே பொது அலைவரிசையில் அறிவித்துக்கொண்டு போகவேண்டும். அமெரிக்கா 2023இல் தன் விமானங்களை 32,000 அடிக்கு மேலே மட்டும் போக விட்டது. சரி, மேலே போய்விடலாம், கீழே வரவேண்டி வந்தால்? விமானத்துக்குள் காற்றழுத்தம் போனால் எங்கும் செய்வது 10,000 அடிக்கு இறங்குவது. ஹிந்துகுஷ் மலைத்தொடரின் உச்சி 7,708 மீற்றர், அதாவது 25,000 அடிக்கு மேல். அங்கே 10,000 அடி என்றால் பாறைக்குள். அதனால் எந்தப் புள்ளி வரை திரும்பி வடக்கே ஓடலாம், எந்தப் புள்ளிக்குப் பிறகு தெற்கே இறங்கவேண்டும், அதுவரை ஆறு பேருக்கும் ஒட்சிசன் சிலிண்டர் எத்தனை நிமிடம் தாங்கும் என்று தனியாக ஒரு தாள் போடுவேன். காபூல் மேப்பில் இருக்கிறது, அந்தத் தாளில் இல்லை. சும்மா ஒரு கோளாறுக்கு இறங்கி, எண்ணெய் போட்டு, காப்புறுதிக்காரரிடம் விளக்கம் சொல்லிவிட்டுக் கிளம்பும் இடம் அல்ல அது.

பிறகு பாகிஸ்தான்–இந்தியா எல்லை. 2019 பெப்ரவரி 27 அன்று பாகிஸ்தான் மூடியது. முழுதாகத் திறக்க ஜூலை 16 ஆனது. 2025 மே மாதத்தில் மறுபடி: இந்தியா வடக்கிலும் மேற்கிலும் 32 விமான நிலையங்களைச் சிவில் போக்குவரத்துக்குச் சில நாட்கள் மூடியது. 2025 ஏப்ரலிலிருந்து இரு நாடுகளும் ஒன்றின் விமானத்தை மற்றது விடுவதில்லை என்று போட்ட தடை மற்ற நாட்டு விமானங்களைத் தொடாது. ஆகவே முதலில் விமானத்தின் வாலில் என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். இந்தியப் பதிவு என்றால் வடக்கு வழியைப் பற்றி மேலே படிக்கத் தேவையில்லை.

நடு

துருக்கியிலிருந்து ஈராக், வளைகுடா, அப்புறம் அரபிக்கடல். குவைத், பஹ்ரைன், டோஹா, துபாய், மஸ்கட் என்று இறங்க இடம் கொட்டிக் கிடக்கிறது. எண்ணெய், சாப்பாடு, விமானிகளுக்கு ஹோட்டல், எல்லாம் ஒரு மெசேஜில் முடியும். விமானிகளைக் கேட்டால் பத்துக்கு ஏழு பேர் இதைத்தான் சொல்வார்கள்.

நானும் சொல்லிக்கொண்டிருந்தேன், 2025 ஜூன் 23 வரை. அந்த மாதம் 13ஆம் திகதி இஸ்ரேல்–ஈரான் சண்டை தொடங்கியதும் ஈராக்கும் மூடிவிட்டது. ஏதென்ஸிலிருந்து டோஹா போகவிருந்த ஒரு ஜெட்டை எகிப்து, சவூதி வழியாக மாற்றிப் போட்டிருந்தேன். எங்கள் நேரம் இரவு ஒன்பது தாண்டி, புட்டும் சம்பலும் பாதியில் இருக்கிறது, கத்தார் வான்வெளியை மூடிவிட்டதாக நோட்டம் (விமானிகளுக்கான அதிகாரபூர்வ அறிவிப்பு) வந்தது. விமானம் அப்போது வட சவூதிக்கு மேலே. பஹ்ரைன், குவைத், துபாய் என்று ஒவ்வொன்றாகப் பார்த்தால் எல்லாமே மூடியிருந்தது, அல்லது மூடிக்கொண்டிருந்தது. கதவுகள் பல; எல்லாம் ஒரே முற்றத்துக்குத் திறப்பவை. ரியாத் ஹேண்ட்லர் மூன்றாவது தடவைதான் போனை எடுத்தார். “ஒரு தரிப்பிடம் இருக்கிறது. வேண்டுமா, வேண்டாமா?” யோசிக்க நேரம் இல்லை. வேண்டும் என்றேன். சில மணி நேரத்தில் கத்தார் திறந்தது. என் பயணிகள் ரியாத்தில் படுத்து மறுநாள்தான் போனார்கள்.

சண்டை இல்லாத நாளிலும் நடு வழிக்கு ஒரு நோய் இருக்கிறது: ஜிபிஎஸ் ஸ்பூஃபிங். வெறும் ஜாமிங் என்றால் சிக்னல் போகும், விமானிக்கு உடனே தெரியும். ஸ்பூஃபிங் பொய்ச் சிக்னல் கொடுக்கும். 2023 செப்டெம்பரிலிருந்து ஈராக் வான்வெளியில் இது தாராளமாக நடந்தது. தனியார் ஜெட்களும் மாட்டின. விமானத்தின் அசைவை மட்டும் வைத்து இடத்தைக் கணக்கிடும் நிலைமத் திசைகாட்டும் கருவி ஒன்றும் உண்டு; சில விமானங்களில் ஜிபிஎஸ் அதற்கும் இடத்தைச் சொல்லித் திருத்துவதால், ஒன்று கெட்டால் இரண்டும் கெடும். விமானக் கடிகாரமே மாறிப்போகும். நாற்பதாயிரம் அடியில், கீழே தரை தட்டப்போகிறது என்று எச்சரிக்கை கத்தும். பக்கத்தில் ஈரான் எல்லை. அனுமதியில்லாமல் அதற்குள் விலகினால் கதை வேறு. இப்போது நான் அனுப்பும் தாளின் முதல் பக்கத்திலேயே எழுதிவிடுகிறேன்: இந்தப் புள்ளிக்கு முன் ஜிபிஎஸ்ஸைத் துண்டித்துவிடுங்கள், தரை நிலையங்களை வைத்து இடத்தைச் சரிபாருங்கள், கையில் கட்டும் கடிகாரம் ஒன்று கொண்டுபோங்கள். கடைசி வரியைப் பார்த்து ஒரு கேப்டன் சிரித்தார். திரும்பி வந்து சிரிக்கவில்லை.

“ஆனால் வானம் திறந்துதானே இருக்கிறது?” என்று கேட்பார்கள். 2014 ஜூலை 17 அன்று மலேசியப் பயணிகள் விமானம் எம்எச்17க்கும் திறந்துதான் இருந்தது. கிழக்கு உக்ரேனில் 32,000 அடி வரை மூடியிருந்தார்கள். அது 33,000 அடியில் போனது. ஏவுகணை வீழ்த்தியது. இறந்தது 298 பேர். 2020 ஜனவரி 8 அன்று தெஹ்ரானில் 176 பேரோடு ஏவுகணையில் வீழ்ந்த விமானம் கிளம்பியபோதும் வானம் மூடப்பட்டிருக்கவில்லை.

தெற்கு

கிரேக்கம், எகிப்து, சவூதி, ஓமான். மஸ்கட் வரை நடு வழியைவிட ஏறத்தாழ 280 மைல் கூட. நாற்பது நிமிடம், சேலஞ்சருக்கு அறுநூறு கிலோ அளவு எண்ணெய். முதலாளிமார் முகம் சுளிப்பது இங்கேதான்.

என் வாக்கு இதற்குத்தான். காரணம் சவூதியின் அகலம். ஜெத்தா ஒரு கடலோரம், தம்மாம் மறு கடலோரம், ரியாத் நடுவில். வளைகுடாவில் எது நடந்தாலும் மேற்கே திரும்ப இடம் இருக்கிறது. அதற்காக இது சுத்தமான வழி என்று நினைக்கவேண்டாம். சைப்ரஸ் பக்கத்திலும் ஜிபிஎஸ் கெடும். தெற்கே சூடான் 2023 ஏப்ரல் 15 முதல் சண்டையில். யேமன் பக்கம் தலைவைத்தும் படுப்பதில்லை. இரண்டுக்கும் நடுவே, கொஞ்சம் வடக்கே ஒதுங்கிப் போகவேண்டும்.

அனுமதி விஷயத்தில் ஒரு சின்னக் கண்ணி. சவூதி, எகிப்து, ஓமான் மூன்றிலும் வார விடுமுறை வெள்ளி, சனி. லண்டன்காரர் வியாழன் மாலை “நாளைக்குப் புறப்படலாமா?” என்று கேட்டால், என் விண்ணப்பம் ஞாயிறு வரை யாருடைய இன்பாக்ஸிலோ கிடக்கலாம். திங்கள், செவ்வாயில் கேட்பவர்களுக்கு நான் தனி மரியாதை வைத்திருக்கிறேன்.

மஸ்கட்டிலிருந்து கொழும்பு சுமார் 1,600 மைல், முழுக்கக் கடல். பயப்படத் தேவையில்லை, இடப்பக்கம் மும்பை, கொச்சி, திருவனந்தபுரம், வலப்பக்கம் மாலே. வேறு ஒன்றுதான் கவனிக்கவேண்டும். லண்டனில் ஏறியவர்கள் இரண்டே விமானிகள் என்றால், பன்னிரண்டு மணி நேரத்துக்கு மேல் வேலையில் இருந்து விடியற்காலையில் ஓடுபாதையைப் பார்க்கும் கண் எப்படி இருக்கும்? மஸ்கட்டில் மாற்று விமானிகளை முன்கூட்டியே பயணிகள் விமானத்தில் கொண்டுவந்து ஹோட்டலில் படுக்கவைத்துவிடுவேன். நான் போட்ட திட்டங்களில் ஏவுகணையைவிட அடிக்கடி வந்த ஆபத்து தூக்கம்தான்.

வேறு திசைகள், சுருக்கமாக

ஆபிரிக்காவில் கவலையின் நிறம் வேறு. கண்டத்தின் பல பகுதிகளில் கட்டுப்பாட்டாளர் குரல் கேட்காது; 126.9 அலைவரிசையில் விமானங்கள் தங்களுக்குள் சொல்லிக்கொண்டு போகும். 2023 ஓகஸ்ட் 6 அன்று நைஜர் திடீரென்று மூடியபோது சஹாராவைச் சுற்றவேண்டி வந்தது, ஒரு மாதம் அளவு. எண்ணெய் உண்டு என்று புத்தகம் சொல்லும் இடத்தில் பவுசர் வராது. அங்கே நான் எண்ணெயைப் புறப்படும் இடத்திலேயே கூடப் போட்டுவிடுவேன். பயணிகளின் மஞ்சள் காய்ச்சல் அட்டையையும் மறக்கக்கூடாது, கொழும்பு விமான நிலையமான கட்டுநாயக்கவில் கேட்பார்கள்.

வட அட்லாண்டிக்கில் யாரும் சுடுவதில்லை. அங்கே ஒழுங்குதான் தேர்வு: 29,000 முதல் 41,000 அடி வரை டேட்டாலிங்க் (கட்டுப்பாட்டாளரோடு எழுத்துச் செய்தியாகப் பேசும் கருவி) இல்லாத விமானத்துக்குப் பெரும்பாலும் இடமில்லை. ஒதுங்கக் காண்டர், கெஃப்லாவிக், ஷானன், அசோர்ஸ் இருக்கின்றன. அமெரிக்கா பேப்பர் வேலை. பயணிகள் பட்டியல் புறப்பட 60 நிமிடம் முன்னதாகப் போய்ச் சேரவேண்டும். பயணிகள் விமானத்தில் விசா இல்லாமல் போகும் லண்டன்காரர் தன் சொந்த ஜெட்டில் போக விசா எடுக்கவேண்டும் என்று சொன்னால் ஒருவரும் முதலில் நம்புவதில்லை.

கடைசி இறக்கம்

எங்கள் ஊர்க்காரர் கேட்பது வேறு. “தம்பி, சீனக்குடாவிலேயே பெரிய ஓடுபாதை கிடக்கே, நேரே இங்கே இறக்கினால் என்ன?” நீளம் போதும்தான், 2,400 மீற்றர் அளவு. 1942 ஏப்ரல் 9 அன்று ஜப்பானியர் குண்டுபோட வந்த அளவுக்குப் பெயர்போன இடம். ஆனால் அது விமானப்படைத் தளம். வெளிநாட்டிலிருந்து வரும் தனியார் ஜெட் நேரே வந்து கடவுச்சீட்டில் முத்திரை வாங்கிப் போகும் இடமாக அது வழமையில் இல்லை.

ஆகவே கட்டுநாயக்க. மாற்று, தீவின் தெற்கே மத்தளை விமான நிலையம்: 2013இல் திறந்தது, 3,500 மீற்றர் ஓடுபாதை, தரிக்க இடத்துக்குப் பஞ்சமே இல்லை. ஒக்டோபர், நவம்பர் பின்னேரங்களில் மேற்கே இடி கட்டினால் அது கைகொடுக்கும். ஆனால் தீவின் இரு நிலையங்களையும் ஒரே மழை பிடிக்கலாம் என்பதால் திருவனந்தபுரத்துக்கும் எண்ணெய் வைத்திருப்பேன்.

கட்டுநாயக்கவில் இரவில் இறங்கிவிட்டுக் காரில் வருவதாகச் சொன்னால் நான் தடுப்பேன். ஆறு மணி நேரம். ஹபரணை தாண்டினால் யானை. லண்டனில் மதியம் ஒரு மணிக்குப் புறப்படவைத்தால் இங்கே காலை ஏழு மணி அளவில் இறங்குவார்கள், உள்நாட்டுச் சிறு விமானம் பகல் வெளிச்சத்தில் சீனக்குடாவுக்குக் கொண்டுவரும். பத்து மணிபோல அது உள்துறைமுகத்துக்கு மேலே வளைந்து இறங்குவது எங்கள் மாடியிலிருந்து நன்றாகத் தெரியுமாம். அம்மாதான் சொல்வார். அந்த நேரம் நான் தூங்கிவிட்டிருப்பேன்.