மருந்துக் கிடங்கும் மேகக் கணினியும்: கடலூரிலிருந்து ஏழாண்டு அனுபவம்

கடலூர் முதுநகரில் மருந்து மொத்த வியாபாரம் செய்கிறோம். கிளை புதுச்சேரி முதலியார்பேட்டையில். சுமார் 25 கிலோமீட்டர்தான். ஆனால் ஜிஎஸ்டி எண் இங்கே 33 என்று தொடங்கும், அங்கே 34. கிடங்கிலிருந்து கிளைக்கு ஒரு பெட்டி போனாலும் எல்லை தாண்டும் சரக்குக்கான வரியான ஐஜிஎஸ்டி பில் போட்டாக வேண்டும். இரண்டு இடத்து இருப்பும் ஒரே கணக்கில் தெரியாவிட்டால் நாள் ஓடாது.

2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் அடித்தபோது எங்கள் சர்வர் நனையவில்லை. மின்சாரம்தான் பல நாள் வரவில்லை. 2015 வெள்ளத்தில் அதை மேசைமேல் தூக்கி வைத்துக் காப்பாற்றினோம். இனி வேண்டாம் என்று 2018இல் எல்லாவற்றையும் பொது மேகத்துக்கு, அதாவது இணையம் வழியே வாடகைக்குக் கிடைக்கும் வெளி நிறுவனக் கணினிகளுக்கு, மாற்றினோம். அது அவசர முடிவு. சாலையைத் தோண்டும்போது இணையக் கேபிள் அறுந்தால் பில் நின்றுவிடும். இன்சுலினுக்கு ஆள் அனுப்பிய மருந்துக்கடைக்காரரைக் காக்க வைப்பது எனக்குப் பொறுக்கவில்லை. வாடகையிலும் ஒரு பாடம்: மேகத்தில் நாம் வாடகைக்கு எடுக்கும் மெய்நிகர் கணினியை நிறுத்திவைத்தாலும் அதனுடன் சேர்ந்த வட்டுக்குக் கட்டணம் ஏறிக்கொண்டே இருக்கும்.

2020இல் கலப்பு முறைக்கு வந்தோம். பில் கிடங்கிலும் கிளையிலும் உள்ள கணினியிலேயே விழும். இணையம் இருக்கும்போது பதினைந்து நிமிடத்துக்கு ஒருமுறை நகல் மேகத்துக்குப் போகும். சென்னையிலும் தரவு மையங்கள் உண்டு. ஆனால் அதுவும் இதே புயல் கரை என்பதால் மும்பையைத் தேர்ந்தெடுத்தோம்.

நகல் போனால் மட்டும் போதாது. 2021இல் ஒரு ஞாயிற்றுக்கிழமை மீட்டுப் பார்த்தபோது பில்கள் வந்தன, மருந்துகளின் பேட்ச் எண்ணும் காலாவதித் தேதியும் வரவில்லை. அமைத்துக் கொடுத்தவர்கள் அந்த அட்டவணையைச் சேர்க்கவே இல்லை. அவை இல்லாமல் மருந்து வியாபாரம் ஏது? இயந்திரத்தைப் பார்த்துக்கொள்வது மேக நிறுவனத்தின் வேலை. அதற்குள் என்ன இருக்கிறது என்பது நம் பொறுப்பு. அன்றிலிருந்து மாதத்தின் முதல் ஞாயிறு மீட்புச் சோதனைக்கு. ஒரு மாதம்கூடத் தவறவிட்டதில்லை.

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தது. கிளைத் தெருவில் முழங்கால் தண்ணீர். இரண்டு நாளில் சாத்தனூர் அணை நீர் தென்பெண்ணையில் பெருகி வந்தது. கிடங்கைப் பூட்டிவிட்டுச் சிதம்பரத்தில் மாமா வீட்டில் உட்கார்ந்து, கைப்பேசி இணையத்தில் மும்பை நகலை உயிர்ப்பித்தேன். அரை மணி நேரத்தில் எந்தக் கடைக்கு எவ்வளவு இன்சுலின் கடைசியாகப் போனது என்று திரையில் தெரிந்தது. “அண்ணா, எங்கே கிடைக்கும்?” என்று கேட்டவர்களுக்கெல்லாம் அந்தந்தக் கடைப் பெயரைச் சொல்ல முடிந்தது. போட்ட செலவு முழுவதும் அன்று ஒரு நாளிலேயே தகும் என்று நினைக்கிறேன்.

முதலியார்பேட்டைக் கிளைக்கு வேறொரு நிறுவனத்தின் இணைய இணைப்பும் வேண்டும். ஐப்பசி மழைக்குமுன் போட்டுவிடப் போகிறேன்.