ஆறு வருஷ மேக்ரோ லென்ஸும் நான் வெட்டித் தள்ளிய பூக்களும்

2019 டிசம்பரில் செகண்ட் ஹேண்டில் ஒரு 90 மி.மீ. மேக்ரோ லென்ஸ் வாங்கினேன், சின்னப் பொருளைக் கிட்டப் போய்ப் பெரிதாக எடுக்கிற ரகம். கேமரா பாடி, 24 மெகாபிக்சல் (2.4 கோடிப் புள்ளி) ஏபிஎஸ்-சி அளவு சென்சார், அதாவது படம் பதியும் சில்லு, உள்ள ஆரம்பநிலை டிஎஸ்எல்ஆர். பூ எடுக்க இன்றுவரை இந்த ஜோடிதான். லென்ஸ் ஷார்ப்பா என்று கேட்டால், ஷார்ப்தான். மேக்ரோ லென்ஸில் சொதப்பலான லென்ஸைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். ஆட்டோஃபோகஸ் கிட்டத்தில் முன்னும் பின்னும் அலையும், கிர்ர் என்று சத்தம் போடும். இரண்டாவது மாதமே அதை அணைத்துவிட்டு கையால் திருப்ப ஆரம்பித்துவிட்டேன். லென்ஸைப் பற்றிச் சொல்ல அவ்வளவுதான். எடுத்த படத்தை எங்கே வெட்டுவது என்பதில்தான் இத்தனை வருஷமும் போயிருக்கிறது.

வாங்கிய மூன்றே மாதத்தில் லாக்டவுன். வீட்டு மாடிதான் உலகம். செம்பருத்தி, நந்தியாவட்டை, சங்குப்பூ, தொட்டியில் ஒரு செங்காந்தள் கிழங்கு. எதைப் பார்த்தாலும் நடுவில் வைத்து அமுக்குவேன், பிறகு கம்ப்யூட்டரில் உட்கார்ந்து வெட்டுவேன். 6000க்கு 4000 பிக்சல் இருக்கிறதே, என்ன குறைந்துவிடப் போகிறது என்ற தைரியம். அகலத்திலும் உயரத்திலும் பாதி பாதி வெட்டினால் மிஞ்சுவது 3000க்கு 2000, அதாவது 24இல் வெறும் 6 மெகாபிக்சல். பாதி வெட்டினால் பாதி மிஞ்சும் என்றுதான் ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். இதில் இன்னொரு கூத்து, முதல் வருஷம் வெட்டியதை ஒரிஜினல் மேலேயே சேவ் செய்து வைத்திருக்கிறேன். அந்த வருஷத்துச் செம்பருத்தி ஒன்றுகூட இன்று பெரிய பிரிண்டுக்கு ஆகாது.

வெட்டத் தூண்டியதில், கண்ணை வைத்துப் பார்க்கும் வியூஃபைண்டருக்கும் பங்கு உண்டு. இந்த ரகக் கேமராக்களில் அது பதியும் படத்தில் சுமார் 95 சதவீதம்தான் காட்டும். கண்ணுக்குத் தெரியாத அந்த ஓரத்தில்தான் காய்ந்த இலையும் தொட்டி விளிம்பும் வந்து உட்காரும். அந்த ஓரத்தை மட்டும் சீவி எடுப்பது நியாயமான வெட்டு. தயங்காமல் செய்கிறேன்.

வெட்டித் தீராத சிக்கல் செம்பருத்தியில்தான் புரிந்தது. நேர் முன்னால் நின்று எடுத்தால், நடுவிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் தண்டு லென்ஸைப் பார்த்து வரும். நுனியில் உள்ள ஐந்து சிவப்புப் பொட்டும் தெளிவாக இருந்தால் இதழ் கலங்கும். இதழைப் பிடித்தால் பொட்டு போய்விடும். லென்ஸின் துளையைச் சுருக்கி எஃப்/8 வைத்தாலும் அந்தத் தூரத்தில் ஒரு சென்டிமீட்டர் ஆழம்தான் தெளிவாகக் கிடைக்கும், தண்டோ அதைவிடப் பல மடங்கு நீளம். என்ன வெட்டினாலும் அது மாறாது. பக்கவாட்டுக்கு நகர்ந்து, தண்டுக்கு இணையாகக் கேமராவை வைத்ததும் அடி முதல் நுனி வரை மகரந்தம் ஒவ்வொன்றாக எண்ணும்படி வந்தது. இரண்டடி நகர்ந்தால் முடிகிற வேலைக்கு ஒரு வருஷம் மௌஸைப் பிடித்துக்கொண்டிருந்திருக்கிறேன். சிவப்பு பற்றி ஒன்று: செம்பருத்தியில் சிவப்புச் சேனல், அதாவது படத்தில் சிவப்பை மட்டும் பதியும் பகுதி, சட்டென்று நிரம்பி, இதழின் நரம்பெல்லாம் ஒரே பூச்சாகிவிடும். வெளிச்சத்தை முக்கால் ஸ்டாப்பாவது (ஒரு ஸ்டாப் குறைத்தால் வெளிச்சம் பாதி) குறைத்து எடுங்கள்.

தும்பையில் கதையே வேறு. பூ ஒரு சென்டிமீட்டர் அளவுதான். லென்ஸின் முழு உருப்பெருக்கத்துக்கு, அதாவது பூ சென்சாரில் அதன் நிஜ அளவிலேயே விழும் ஒன்றுக்கு ஒன்றுக்குப் போனால் எஃப்/8இல் ஒரு மில்லிமீட்டர்கூடத் தெளிவு இல்லை. காற்று மூச்சு விட்டாலே ஃபோகஸ் போய்விடும். துளையை இன்னும் சுருக்கி எஃப்/16க்குப் போனால் மொத்தப் படமும் லேசாக மழுங்குகிறது. அதனால் இப்போது கொஞ்சம் பின்வாங்கி, பாதி உருப்பெருக்கத்தில் எடுத்து, பிறகு வெட்டுகிறேன். கணக்குப் போட்டால் முடிவில் பூ அதே அளவுக்கு வரும், தெளிவான ஆழம் ஏறக்குறைய ஒன்றரை மடங்கு. பதிலுக்கு 6 மெகாபிக்சலோடு திருப்திப்பட வேண்டும். அங்குலத்துக்கு 300 புள்ளி (300 டிபிஐ) என்ற கணக்கில் 10 அங்குல அகலப் பிரிண்டுக்கு அது போதும். வெட்டுவேன் என்று முன்கூட்டியே முடிவு செய்து எடுப்பது இந்த ஒரு பூவுக்குத்தான்.

படத்தை மூன்று மூன்றாகப் பிரித்து, பூவை நடுவில் வைக்காமல் அந்தக் கோட்டில் வைக்கச் சொல்லும் மூன்றில் ஒரு பங்கு விதி எல்லாருக்கும் தெரியும். சங்குப்பூவுக்கு அது ஒத்துப்போகிறது. கொடி போகும் திசையில் இடம் விட்டு, பூவை ஓரம் தள்ளினால் அழகு. நந்தியாவட்டையை மேலிருந்து பார்த்தால் ஐந்து இதழும் காற்றாடி மாதிரி ஒரே பக்கம் திரும்பியிருக்கும். அதைக் கொண்டுபோய் மூலையில் வைத்தால் பூவுக்கே கோபம் வரும். சதுரமாக வெட்டி நட்டநடுவில் வைப்பதுதான் சரி, விதி என்ன சொன்னாலும்.

பூப் படத்தில் தொடுவானம் கிடையாது என்பதால் 10, 15 டிகிரி சாய்த்து வெட்டலாம், யாருக்கும் தெரியாது என்று நினைத்திருந்தேன். ஒரு நாள் சாய்த்து வெட்டிய படத்தில், இதழ் நுனியில் தொங்கிய பனித்துளி பக்கவாட்டில் தொங்கியது. அதிலிருந்து, துளி இருந்தால் சாய்ப்பதில்லை.

அதிகம் பட்டது செங்காந்தளில். ஐப்பசி மழை நின்ற ஒரு காலை, காற்றில் ஆடாமலிருக்கத் தண்டை ஒரு குச்சியோடு சேர்த்துத் துணி கிளிப்பால் பிடித்து எடுத்தேன். ஆறு இதழும் தீ மாதிரி மேல் நோக்கி வளைந்து, அடியில் மஞ்சள், நுனியில் சிவப்பு. கேமராவை அகலவாக்கில் பிடித்து எடுத்த படம். இதழும் கேசரமும் ஓரத்தைத் தொடும் அளவுக்கு இறுக்கி வெட்டினேன், திரையில் பார்க்கப் பிரமாதம். 10×8 பிரிண்ட் கொடுத்தேன். அகலத்துக்கும் உயரத்துக்கும் உள்ள விகிதம் என் படத்தில் 3:2, அந்தத் தாளில் 5:4. எட்டு அங்குல உயரத்துக்குப் பொருத்தினால் என் படத்துக்குப் பன்னிரண்டு அங்குல அகலம் வேண்டும். கடைக்காரர் ஒரு வார்த்தை கேட்காமல் இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று என இரண்டு அங்குலத்தை எடுத்துவிட்டார். கேட்டதற்கு, "எல்லாம் அப்படித்தான் சார் வரும்" என்றார். அவரை முழுசாகக் குறை சொல்லவும் முடியாது. வெட்டக் கொஞ்சமாவது இடம் நான் விட்டிருக்க வேண்டும். மிச்சமிருந்த ஓரத்திலும் கால் அங்குலத்தை, மாட்டிய படச் சட்டம் தின்றது. அம்மா பார்த்துவிட்டு, "என்னலே, பூவுக்கு ரெண்டு கையையும் வெட்டிட்ட?" என்றாள்.

இப்போதெல்லாம் பூவைச் சுற்றி நாலு பக்கமும் காற்று விட்டுத்தான் எடுக்கிறேன். 3:2 படத்துக்கு 12×8தான் கேட்டு வாங்குகிறேன். லைட்ரூம் என்ற மென்பொருளில் வெட்டுவதால் ஒரிஜினல் பத்திரமாக இருக்கிறது. பிரிண்டுக்கு ஒரு வெட்டு, போனில் போட 4:5 ஒரு வெட்டு என்று தனித்தனியாக வைத்துக்கொள்ளலாம்.

போன கார்த்திகையில் அதே தொட்டியில் மறுபடி பூத்தது. தாராளமாக இடம் விட்டு, ஓரத்தில் கை வைக்காமல், 12×8 போட்டுக் கூடத்தில் மாட்டினேன். அம்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டு கிட்டப் போய்ப் பார்த்தாள். இதழை விரல் வைத்து எண்ணினாள், ஆறும் இருந்தது. பிறகு கீழ் மூலையில், நான் இத்தனை நாள் பின்னால் நிற்கும் சங்குப்பூ என்று நினைத்திருந்த நீலக் கலங்கலில் விரலை வைத்தாள்.

"இது நம்ம கொடில போடுத கிளிப்புதானல?"