ஸ்காட்ஸ் கவிதைக்கு இணைய அகராதி: எங்கே கைகொடுக்கும், எங்கே கைவிரிக்கும்

ஸ்காட்ஸ் என்பது ஸ்காட்லாந்தில் பேசப்படும், ஆங்கிலத்துக்கு நெருங்கிய மொழி. அதில் எழுதிய கவிஞர் ஹியூ மக்டயர்மிட்டின் 1920களின் கவிதைகளை மூலத்திலேயே படிக்க நினைப்பவருக்கு 'டிக்‌ஷனரீஸ் ஆஃப் த ஸ்காட்ஸ் லாங்குவேஜ்' இணையதளத்தைவிட நல்ல துணை கிடையாது. அதே தளம், கிளாஸ்கோ நகரப் பேச்சில் எழுதிய கவிஞர் டாம் லெனர்டின் கவிதைகளுக்கு முன் ஏறக்குறைய கைகட்டி நிற்கிறது. இந்த வேறுபாடு தெரியாமல் நுழைந்தால் எரிச்சல்தான் மிஞ்சும்.

இங்கே இரண்டு பேரகராதிகள் ஒரே தேடலில் கிடைக்கின்றன. 1700 வரையான ஸ்காட்ஸுக்கு 12 தொகுதிகள், அதற்குப் பிந்தையதற்கு 10 தொகுதிகள். கட்டணம் இல்லை. ஒவ்வொரு பொருளுக்கும் ஆண்டோடும் வட்டாரக் குறியோடும் மேற்கோள்கள் உண்டு. பொருளைப் பார்த்ததும் பக்கத்தை மூடிவிடாமல் அவற்றையும் படியுங்கள். மக்டயர்மிட் பேச்சில் கேட்டதை மட்டும் எழுதியவர் அல்ல. 1808இல் வந்த ஜேமிசனின் ஸ்காட்ஸ் அகராதி போன்ற நூல்களிலிருந்தும் சொற்களை அள்ளியவர். ஒரு சொல் மக்கள் வாயில் புழங்கியதா, ஏட்டிலிருந்து தோண்டியதா என்பதை மேற்கோள்களின் ஆண்டு இடைவெளியே பெரும்பாலும் காட்டிக்கொடுத்துவிடும்.

தேடும் முறைதான் புதியவர்களைத் தடுக்கிறது. 'இட்' என முடியும் இறந்தகால விகுதியையும், 'நா' என முடியும் எதிர்மறையையும் வெட்டிவிட்டு வேர்ச்சொல்லைத் தட்டுங்கள். கூட்டுச்சொல் கிடைக்காவிட்டால் முதல் பாதியை மட்டும் தேடுங்கள். பல கூட்டுச்சொற்கள் தலைச்சொல்லின், அதாவது அகராதிப் பதிவின் முதன்மைச் சொல்லின், உள்ளேதான் ஒளிந்திருக்கும். ஆடுகளுக்கு ரோமம் கத்தரித்த பின் வரும் ஜூலைக் குளிரைக் குறிக்கும் 'யௌ ட்ரம்மில்' அப்படிப்பட்ட கூட்டுச்சொல். ஸ்காட்லாந்தின் வடகிழக்கில் பேசப்படும் டோரிக் வழக்கில் 'விட்' (என்ன), 'வான்' (எப்போது) என்பவை 'ஃபிட்', 'ஃபான்' ஆகிவிடும். முதல் எழுத்தை மாற்றித் தேட வேண்டும். எழுத்துக்கூட்டு கவிஞருக்குக் கவிஞர் மாறுவதால், தலைச்சொல்லில் சிக்காததை முழு உரைத் தேடலில் பிடிப்பதே வழி.

பெரிய ஆபத்து தெரியாத சொற்களில் இல்லை, தெரிந்ததுபோல் தோன்றும் சொற்களில். 'கிரீட்' என்றால் அழுவது. 'மைண்ட்' என்றால் நினைவில் வைத்திருப்பது. 'ஐ டவுட்' என்று ஒருவர் சொன்னால் அது நடக்கும் என்றே அவர் எதிர்பார்க்கிறார். ஆங்கிலம் தெரிந்த வாசகர் இவற்றைத் தேடவே மாட்டார், கவிதையின் தொனியோ தலைகீழாகிவிடும்.

குறைகளும் உண்டு. 1700க்குப் பிந்தைய அகராதியின் பத்துத் தொகுதிகள் 1976இல் முடிந்தவை. 2005இல் ஒரு பிற்சேர்க்கை வந்தது. நகர்ப்புறத்தின் அண்மைக்காலச் சொற்கள் அதனால் மெலிந்தே இருக்கின்றன. உச்சரிப்பு ஒலிக்குறிகளில் தரப்படுவதால் பழக்கமில்லாதவருக்குப் பயன் குறைவு. லெனர்டின் 1969ஆம் ஆண்டுக் கவிதைகளில் நிலைமை இன்னும் மோசம். கிளாஸ்கோ வாய்மொழியைக் காதில் விழுந்தபடியே எழுத்தாக்கியவர் அவர். சொல் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பதே புலப்படாதபோது எதைத் தேடுவது? அவருக்கு அகராதியை மூடிவிட்டு வரிகளைச் சத்தமாக வாசிப்பதே பலன் தரும், ஒலிப்பதிவு கிடைத்தால் இன்னும் நல்லது.